வால் இருக்கும் கிளை

“நம்ம கார்லயே உள்ள போலாங்க்கா. டிரைவரும் வேண்டாம், கைடும் வேண்டாம். கேட்ல பணத்தக் கட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான்” என்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தம்பி போனில் சொன்னபோது, அவன் கதை விடுகிறான் என்றே நினைத்தேன். சிங்கம் திரிகிற காட்டுக்குள் சொந்தக் காரில் போக அனுமதித்துவிட்டு யார்தான் சும்மா இருப்பார்கள்?

நாங்கள் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள். காடு புதிதில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்த காடு பார்த்தல் ஒரே மாதிரிதான். டாப்ஸ்லிப்பில் வனத்துறை வேனில் ஏறி உட்கார வேண்டும். கூட வருகிறவர் “அதோ காட்டுமாடு” என்று கை நீட்டினால், அத்தனை பேரும் அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்ப வேண்டும். முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போகும்போது சொந்த வண்டியில் காட்டைக் கடக்கலாம். ஆனால் வழியில் நிறுத்தக் கூடாது. இரவு ஒன்பது மணிக்கெல்லாம் சாலையை மூடிவிடுவார்கள். ஆகவே காட்டு விலங்கு என்பது யாராவது காட்டினால் பார்ப்பது, அல்லது அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோரம் ஒரு நொடி கண்ணில் பட்டு மறைவது. அந்த நினைப்போடுதான் தென்னாப்பிரிக்காவுக்குப் போனேன்.

தம்பி சொன்ன குரூகர் தேசியப் பூங்கா சிறிய இடமில்லை. வடக்கு தெற்காக 360 கிலோமீட்டர் நீளம், ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்கு இருக்கும். அந்தப் பகுதியின் அன்றைய அதிபர் பால் குரூகர் 1898-இல் இதன் தென்பகுதியைச் ‘சாபி’ காப்புக்காடாக அறிவித்தார். வேட்டைக்காரர்கள் சுட்டுத் தீர்த்தது போக மிஞ்சியிருந்தவற்றைக் காப்பாற்ற 1902-இல் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரியை நியமித்தார்கள். அவர் ஓய்வு பெற்றது 1946-இல்தான். 1926-இல் அது தேசியப் பூங்கா ஆனது. மறு ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்தபோது அந்த வருடம் முழுக்க வந்தவை மூன்றே கார்கள். 1928-இல் 180, அதற்கடுத்த ஆண்டு 850. அதாவது, சொந்தக் காரில் போய் விலங்கு பார்ப்பது அங்கே இடையில் வந்த வசதி இல்லை. தொடக்கமே அப்படித்தான்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிழக்கே என்-4 நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம். தம்பியும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி ஓட்டினார்கள். நம் ஊரைப் போலவே அங்கும் இடது பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலது பக்கம். அதனால் சிரமம் இல்லை. பின்சீட்டில் நானும் தம்பி மகளும். அவளுக்குப் பத்து வயது. எங்கள் நடுவில் புளிசாதத் தூக்கு, பைனாகுலர், ஒரு பறவைப் புத்தகம். மலலேன் வாயிலுக்கு முன்னால் முதலை ஆறு என்றே பெயர் வைத்த ஆற்றைப் பாலத்தில் கடக்க வேண்டும். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் நாணல் ஓரமாக யானைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. இன்னும் பூங்காவுக்குள் நுழையவே இல்லை.

வாயிலில் பெயர், வண்டி எண் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு விதிகளைச் சொன்னார்கள். தார்ச்சாலையில் வேகம் 50, மண்சாலையில் 40. எந்தக் காரணம் கொண்டும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது, ஜன்னல் வழியே உடம்பை நீட்டக் கூடாது. பொழுது சாயும்முன் ஏதாவது ஒரு முகாமின் வேலிக்குள் இருந்தாக வேண்டும், தாமதித்தால் அபராதம். இதெல்லாம் சும்மா எழுதி வைத்தது இல்லை. வேகத்தை அளக்கும் கருவியோடு காட்டுக்குள்ளேயே போலீஸார் மறைந்து நிற்கிறார்கள். முதல் நாள் நாங்கள் பார்த்த மிக அபூர்வமான உயிரினம் அந்தப் போலீஸார்தான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு விஷயத்தைப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பயணக் குறிப்பு எழுதும் ஆண்கள் இதை எழுதுவதில்லை. வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்றால் கழிப்பறைக்கும் இறங்க முடியாது. முகாம்களிலும் குறிப்பிட்ட சில உணவு நிறுத்தங்களிலும் மட்டுமே வசதி உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மணி நேரம் ஆகலாம். யானைக் கூட்டம் வழிமறித்தால் மூன்று. காலை காப்பியைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

முதல் மதியம் முழுவதும் இம்பாலா, இம்பாலா, இம்பாலாதான். ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றனவாம். சிவந்த மேனி, மெலிந்த கால்கள், பின்புறத்தில் ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போல் கறுப்புக் கோடுகள். நாடெங்கும் கிளை வைத்திருக்கும் உணவகத்தின் முத்திரை அது என்று அந்த ஊரில் கேலி செய்வார்கள். சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி எல்லாருக்கும் அங்கேதான் சாப்பாடு. முதல் மந்தைக்கு வண்டியை நிறுத்தி ஆளுக்கு இருபது படம் எடுத்தோம். ஐந்தாவது மந்தைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இதுகளப் பாக்கறதுக்கா மாப்ளே இத்தன தூரம்?” என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். ஆகஸ்ட் மாதம். அங்கே குளிர்காலம், வறண்ட காலம். மரங்கள் இலை உதிர்த்து நிற்க, புல் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. சிங்கமும் அதே நிறம். இருபதடி தள்ளிப் படுத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பார்க்கிற விதத்தை எங்களுக்கு மாற்றிக் கொடுத்தவர் டர்பனிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். லோயர் சாபி முகாமின் உணவகத்தில், ஆற்றின் மேல் நீட்டிக் கட்டியிருக்கும் மரத்தளத்தில் பக்கத்து மேசையில் இருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பி, “வணக்கம்” என்றார். அவருக்கு மீதி இருந்த தமிழ் அவ்வளவுதான். வணக்கமும் சில சமையல் பெயர்களும் முருகன் பெயரும். 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பன் போனதிலிருந்து தொடங்கிய வரலாற்றில் அவருடைய பாட்டன் ஏதோ ஒரு பின்கப்பலில் வந்தவர். வட ஆற்காட்டுப் பக்கம் என்று மட்டும் வீட்டில் சொல்வார்களாம்.

அவருடைய இளம் வயதில் இந்த மரத்தளத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்க முடியாது என்றார். நிறவெறி ஆட்சியில் முகாம்கள் வெள்ளையருக்கு. மற்றவர்களுக்கென்று ஒலிஃபண்ட்ஸ் ஆற்றோரம் பலூலே என்ற சிறிய முகாமை ஒதுக்கியிருந்தார்கள். அது இன்றும் இருக்கிறது. ஆறே வட்டக் குடிசைகள், மின்சாரம் கிடையாது. இப்போது அதன் எளிமையை விரும்பித் தேடிப் போகிறவர்கள் அதிகம். “அப்போது எங்களுக்கு வேறு வழியில்லை, இப்போது அவர்களுக்கு அது ரசனை” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். ஜேக்கப் டிலாமினி என்ற வரலாற்றாசிரியர் 2020-இல் வெளியிட்ட ‘சஃபாரி நேஷன்’ நூலில் இந்தப் பூங்காவுக்கு வந்துபோன கறுப்பின, இந்திய வம்சாவளிப் பயணிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஊர் திரும்பியபின்தான் அந்த நூல் எனக்குத் தெரியவந்தது.

சிங்கம் எங்கே பார்க்கலாம் என்று தம்பி கேட்டான். பெரியவர் முகாம் வாசலில் இருந்த பலகையைக் காட்டவில்லை. அந்தப் பலகையில் பூங்கா வரைபடத்தின் மேல் வண்ண வண்ணக் காந்த வில்லைகள் ஒட்டியிருக்கும். எந்த நிறம் எந்த விலங்கு, எங்கே கண்டார்கள் என்று வந்தவர்கள் ஒட்டிவிட்டுப் போவார்கள். அது நேற்றைய செய்தி என்றார் பெரியவர். இம்பாலாவைப் பார், அது எதைப் பார்க்கிறது என்று பார். ஒட்டகச்சிவிங்கி தழை கடிக்காமல் ஒரே திசையில் உற்றுப் பார்த்து நின்றால், அதன் பார்வைக்கு அந்தப் பக்கம் ஏதோ படுத்திருக்கிறது. மரத்தின் மேல் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்காமல் உட்கார்ந்திருந்தால், கீழே இரையும் உண்டு, அதைவிட்டு நகராத சொந்தக்காரரும் உண்டு. கழுகுகள் தரையில் இருந்தால் சொந்தக்காரர் போய்விட்டார். இதைச் சொல்லிவிட்டு, இருபத்தைந்துக்கு மேல் ஓட்டினால் இதில் ஒன்றும் தெரியாது என்று முடித்துக்கொண்டார்.

லோயர் சாபிக்கும் ஸ்குகூசா முகாமுக்கும் இடையே சாபி ஆற்றை ஒட்டிப் போகும் சாலைக்கு எச்4-1 என்று எண். 45 கிலோமீட்டர்தான். உலகிலேயே சிறுத்தை பார்க்கத் தோதான சாலைகளில் ஒன்று என்பார்கள். கரையோரம் அத்தி, தொங்கும் காய்களோடு யானைப்புடுக்கு மரங்கள், பாறைகள், பள்ளம். பதுங்குவதற்கு அவ்வளவு இடம். அந்த 45 கிலோமீட்டரை மறுநாள் காலை அரை நாள் எடுத்து ஓட்டினோம். ஒரு வளைவில் இம்பாலா மந்தை ஒன்று மேயாமல் நின்றது. எல்லாக் காதும் ஆற்றுப் பக்கம். ஓர் ஆண் இம்பாலா மூக்கால் ‘ஃப்ஹூ’ என்று சீறியது. தும்மலுக்கும் குரைப்புக்கும் நடுவான ஒரு சத்தம். தம்பி இன்ஜினை அணைத்தான்.

ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் பைனாகுலரால் ஒவ்வொரு புதராகத் துழாவினோம். பின்னால் வந்த இரண்டு கார்கள் வேகம் குறைத்து, எங்களைப் பார்த்து, இம்பாலாவைப் பார்த்து, இதற்கா நிறுத்தியிருக்கிறார்கள் என்ற முகத்தோடு கடந்து போயின. என் வீட்டுக்காரர் கொட்டாவி விட்டார். மரத்துக்குரங்குகள் திடீரென்று உச்சிக் கிளைகளுக்கு ஏறி ‘கிச் கிச்’ என்று கத்தத் தொடங்கின. அப்போதும் எனக்கு எதுவும் தெரியவில்லை.

“அத்தை, அந்தக் கிளைக்கு வால் இருக்கு” என்றாள் குட்டி.

இருந்தது. அத்திமரத்தின் கிடைக்கிளையிலிருந்து ஒரு வால் தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு கண் மேலே போனபின்தான் கிளையோடு கிளையாகப் படுத்திருந்த உடம்பு தெரிந்தது. இரண்டு பக்கமும் கால்கள் தொங்கின, தூளியில் தூங்கும் குழந்தையின் கை வெளியே தொங்குவதைப் போல. கால் மணி நேரமாக நான் அதே கிளையைத்தான் பார்த்திருக்கிறேன். இலைநிழலின் திட்டுகளும் அதன் தோலின் ரோஜாப்பூத் திட்டுகளும் எங்கே முடிகின்றன, எங்கே தொடங்குகின்றன என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

பிறகு அது எழுந்தது. முதுகை வில்லாக வளைத்து நெட்டி முறித்தது. தலைகீழாக அடிமரத்தில் இறங்கி, புல்லுக்குள் புகுந்து, எங்கள் காருக்குச் சரியாகப் பத்தடி முன்னால் சாலையைக் கடந்தது. இம்பாலாக்கள் ஓடவில்லை! இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சீறிக்கொண்டே அதைப் பார்த்தபடி நின்றன. சில இரண்டடி பின்தொடரவும் செய்தன. கண்ணில் பட்டுவிட்ட சிறுத்தையால் ஆபத்தில்லை, காணாமல் போன சிறுத்தைதான் ஆபத்து. சிறுத்தைக்கும் அது தெரிந்திருந்தது. வாலை மேலே சுருட்டி, அதன் வெள்ளை அடிப்பாகம் தெரிய, ‘சரி, பார்த்துவிட்டீர்கள், போகிறேன்’ என்கிற தோரணையில் நடந்து போனது. வேட்டையைக் கைவிட்ட சிறுத்தை அப்படித்தான் வாலைத் தூக்குமாம்.

எங்கள் கார் நிற்பதைப் பார்த்து நான்கைந்து வண்டிகள் வந்து சேர்ந்தபோது சாலை காலியாக இருந்தது. “வாட் டிட் யூ சீ?” என்று ஒருவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார். தம்பி சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஸ்குகூசாவுக்குத் தெற்கே ஒரு சிங்க ஜோடிக்காக முப்பது, நாற்பது வண்டிகள் சாலையை அடைத்து நின்றதைப் பார்த்தோம். ஒருவர் இன்னொருவரின் பார்வையை மறைத்து வண்டியை நுழைக்க, மற்றவர் ஹாரன் அடிக்க, கோயம்பேடு தோற்றது. சிங்கங்கள் புதருக்குள் எப்போதோ போய்விட்டன. எங்கே என்ன இருக்கிறது என்று உடனுக்குடன் செய்தி சொல்லும் செயலிகள் வந்தபிறகு இது கூடிவிட்டது என்று பூங்கா நிர்வாகமே குறைபட்டுக்கொண்டது. அவற்றில் பெயர்பெற்ற ‘லேட்டஸ்ட் சைட்டிங்ஸ்’ 2011-இல் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தொடங்கியது. கெட்டிக்காரப் பையன்தான். ஆனாலும் போனைப் பார்த்துச் சிங்கத்துக்கு வண்டியை விரட்டுகிறவருக்கும், டாப்ஸ்லிப் வேனில் கை நீட்டிய பக்கம் திரும்பிய எனக்கும் என்ன வித்தியாசம்? யாரோ கண்டுபிடித்ததைப் பார்க்க அவ்வளவு தூரம் சொந்தக் காரில் போக வேண்டியதில்லை.

காணொளிகளும் ஆசையைக் கெடுத்து வைத்திருக்கின்றன. எருமைக் கன்று ஒன்றைச் சிங்கங்கள் பிடிக்க, முதலை இழுக்க, எருமைக் கூட்டமே திரும்பி வந்து கன்றை மீட்கும் ‘பேட்டில் அட் குரூகர்’ காட்சியை நீங்களும் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். 2004-இல் ஒரு சுற்றுலாப் பயணி எடுத்தது. டிரான்ஸ்போர்ட் டாம் என்ற அந்த நீர்த்தேக்கத்துக்குப் போனோம். தம்பி தன் போனில் அந்தக் காணொளியை ஓடவிட்டு, இந்த மேடு, அந்தக் கரை என்று ஒத்துப் பார்த்தான். எதிரே தண்ணீரில் ஒரு நீர்யானையின் காதுகள். கரையில் நாலு ஆமைகள் வெயில் காய்ந்தன.

சதாரா முகாமை நோக்கி வடக்கே போகப் போக நிலம் மாறுகிறது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலிருந்து உண்டான கரிய மண். அதில் வளரும் புல் சத்தானது. புல்லுக்கு வரிக்குதிரையும் வில்டபீஸ்டும் வருகின்றன, அவற்றுக்குச் சிங்கம் வருகிறது. பூங்கா முழுவதும் 1,600 சிங்கங்கள் வரை இருப்பதாகக் கணக்கு. சதாரா முகாம் வாயில் காலை ஆறு மணிக்குத் திறந்ததும் வெளியே வந்தோம். நல்ல குளிர். கொஞ்ச தூரத்தில் தார்ச்சாலையின் நடுவே மூன்று பெண் சிங்கங்கள் படுத்திருந்தன. பகல் வெயிலில் ஏறிய சூடு தாரில் விடிய விடிய தங்கும். வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவை எழுந்து எங்கள் பக்கமாகவே நடந்து வந்தன. காரும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து ஒரே உருவம், தின்னவும் ஆகாது பயப்படவும் வேண்டாம் என்று அவை பழகியிருக்கின்றன. தலையை வெளியே நீட்டினால் அந்த உருவம் உடைந்து நாம் தனியே தெரிவோம். ஜன்னலுக்கு வெளியே நீட்டாதே என்ற விதி அதற்காகத்தான். ஒன்று என் ஜன்னலுக்குக் கீழே கடந்தது. தோள் எலும்பு ஏறி இறங்கியது தெரிந்தது. என்னை அது பார்க்கவே இல்லை. காட்டுவிலங்கு நம்மை முறைத்துப் பார்க்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, இந்த அலட்சியம் வயிற்றைக் கலக்கியது. பின்னால் எங்கோ ஓர் ஆண் சிங்கம் குரல் கொடுத்தது. எட்டு கிலோமீட்டர் வரை கேட்கக்கூடிய குரல். கார்க் கதவில் வைத்திருந்த கையில் அதிர்வு தெரிந்தது.

அந்தக் காலத்து வனக்காவலர்கள் எங்களைப் போலக் காருக்குள் இருந்தவர்கள் இல்லை. 1903-இல் ஹாரி வோல்ஹூட்டர் என்ற வனக்காவலரைக் குதிரையிலிருந்து விழுத்தாட்டி ஒரு சிங்கம் தோளைக் கவ்வி இழுத்துப் போனது. இடுப்புக் கத்தியை எடுத்துக் குத்திக் கொன்றுவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டார். அந்தக் கத்தியும் சிங்கத் தோலும் ஸ்குகூசா நூலகத்தில் இருக்கின்றன. கத்தி, நம் வீட்டில் தேங்காய் கீறுகிற கத்தி அளவுதான்.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது சிங்கத்திடம் இல்லை, யானையிடம். ஒலிஃபண்ட்ஸ் முகாமுக்குப் போகும் மண்சாலையில் தனி ஆண் யானை ஒன்று எதிரே வந்தது. கன்னத்தில் நீர் வழிந்திருந்தது. “கன்னத்தப் பாத்து முடிவு பண்ணாதீங்க மாமா, இங்க பொட்டை யானைக்கும் வழியும். பின்னங்கால் நடுவுல சொட்டுதா பாருங்க” என்றான் தம்பி. சொட்டியது. மதம். வழி விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் குறுகிய சாலையில் வண்டியைத் திருப்ப முடியாது. பின்னோக்கியே ஓட்டினான், யானை அதன் பாட்டுக்கு நடந்து வந்துகொண்டே இருந்தது. வேகம் கூட்டவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஒரு கிளைச்சாலை வரும்வரை நாங்கள் நால்வரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நம் ஊர்க் கணக்கில் தந்தம் கண்டதும் ஆண் என்று எண்ணிவிடக் கூடாது. நெற்றி வளைவைப் பார்த்துத்தான் தம்பி சொல்வான்.

கழுதைப்புலியைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருந்ததே இல்லை. சாலைக்கு அடியில் மழைநீர் போகப் போட்டிருக்கும் குழாய்களில் அவை குட்டி போட்டு வளர்க்கின்றன. ஒரு பாலத்தடியில் தாய் படுத்திருக்க, கரும்பழுப்பு நிறத்தில் இரண்டு குட்டிகள் வெளியே வந்து எங்கள் டயரை முகர்ந்தன. குட்டி கண் திறந்தே பிறக்குமாம். கூட்டத்துக்குத் தலைமை பெண்தான். ஆணைவிடப் பருமனும் பெண்தான். சிங்கம் மிச்சம் வைத்ததைத் தின்னும் இழிபிறவி என்று எண்ணியிருந்தோம். தன் சாப்பாட்டில் பெரும்பங்கைத் தானே வேட்டையாடித்தான் பெறுகிறது. இரவில் முகாமில் எல்லாரும் ‘பிராய்’ என்று கரியடுப்பில் இறைச்சி சுடும்போது, வேலிக்கு வெளியே இவை வாசனை பிடித்து நடக்கும். நாங்கள் சுட்டது சோளமும் கத்திரிக்காயும். எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை.

சீட்டா என்னும் சிவிங்கிப்புலியைக் கண்டுபிடித்த பெருமை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு. ஓர்ப்பன் வாயிலுக்குப் போகும் சாலையில் தூரத்துக் கறையான் புற்றின் மேல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்றார். புற்றின் நுனிதான் என்று நான் சாதித்தேன். நுனி தலையைத் திருப்பியது. கண்ணிலிருந்து வாயோரம் வரை கண்ணீர் வடிந்தது போன்ற கறுப்புக் கோடு. பகலில் வேட்டையாடுவதால் உயரத்தில் ஏறி நின்று சமவெளியை நோட்டமிடும். வேகம் உண்டு, பலம் இல்லை. பிடித்த இரையை மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கழுதைப்புலி வந்து பிடுங்கிக்கொள்ளும். இவ்வளவு பெரிய பூங்காவில் மிகக் குறைவாகத்தான் இருக்கின்றன. இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போய்விட்டது என்று 1952-இல் அறிவித்தார்கள். பின்னாளில் மத்தியப் பிரதேசத்தின் குனோவில் கொண்டுவந்து விட்டவற்றில் பன்னிரண்டு, 2023 பிப்ரவரியில் இதே தென்னாப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் வந்தவை.

போக விரும்புகிறவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையான வறண்ட மாதங்களில் போங்கள். இலை குறைவு, தண்ணீரும் குறைவு, அதனால் விலங்குகள் ஆற்றோரம் வரும். முகாம் அறைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். மலேரியா உள்ள பகுதி என்பதால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒன்றை நால்வர் பிடுங்கினால் சிறுத்தையைவிடச் சண்டைதான் நினைவிருக்கும். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள், அவர்கள் கண்தான் கண்.

இன்னொன்று. முகாம்களில் இருக்கும் அந்தக் காந்த வில்லைப் பலகையில் சிங்கம், சிறுத்தை, யானை, எருமை எல்லாவற்றுக்கும் நிறம் உண்டு. காண்டாமிருகத்துக்குக் கிடையாது. கொம்புக்காகக் கொல்கிறவர்கள் பலகையைப் பார்த்துப் போகக் கூடாது என்பதால் விட்டுவிட்டார்கள். ஒரு மாலையில் நாங்கள் ஒன்றைப் பார்த்தோம். அதைக் காப்பாற்றுவதற்காக வனத்துறையினரே கொம்பை அறுத்திருந்தார்கள். மூக்கின் மேல் தட்டையான அடிக்கட்டை மட்டும் இருந்தது. எந்தச் சாலை, எந்த ஓடை என்று எழுதமாட்டேன். நீங்கள் பார்த்தாலும் போனில் இடம் காட்டும் வசதியை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள், எங்கே பார்த்தீர்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.